அக்டோபரில் ஒரு டச்டவுன்கூட இல்லை: பால்டிமோர் ரேவன்ஸ், 2000

2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. ஐந்திலும் பால்டிமோர் ரேவன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆட்டம் இருந்தது. ஒன்றில்கூட அவர்கள் டச்டவுன் எடுக்கவில்லை. மாதம் முழுக்கச் சேர்த்தது 42 புள்ளி. அத்தனையும் மாட் ஸ்டோவர் என்ற ஒரே ஆளின் காலிலிருந்து வந்தவை, மொத்தம் 14 ஃபீல்ட் கோல். ஐந்து ஆட்டத்தில் 42 புள்ளி எடுக்கும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) அணி ஐந்திலும் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். ரேவன்ஸ் இரண்டில் ஜெயித்தார்கள். அந்த ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து எதிரணிகளுக்குக் கிடைத்ததும் 43 புள்ளிதான்.

மூன்று மாதம் கழித்து, 2001 ஜனவரி 28 அன்று, டாம்பாவில் லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் போலை ஜெயித்து இதே அணி கோப்பையைத் தூக்கியது.

இந்த சீசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் தடுப்பாட்டக்காரர் ரே லூயிஸில் தொடங்கி ரே லூயிஸிலேயே முடித்துவிடுவார்கள். அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை, சரி. ஆனால் எனக்கு இதில் பிடித்த கேள்வி வேறு. இப்படியொரு டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டக் கூட்டம், ஓர் அணிக்கு வாய்த்துவிட்டால், பந்தைக் கையில் வைத்திருக்கும் மற்ற பதினோரு பேர் என்ன செய்ய வேண்டும்? தலைமைப் பயிற்சியாளர் பிரையன் பில்லிக் அதற்கு ஒரு விடை வைத்திருந்தார். பார்க்கச் சகிக்காத விடை. ஆனால் அதுதான் கோப்பையைக் கொண்டுவந்தது.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். எல்லையைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி, அதன்பின் ஒரு உதையில் இன்னொன்று. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. மூன்று டவுனில் வேலை நடக்காவிட்டால் நான்காவதில் பந்தை முடிந்த அளவு தூரம் உதைத்து எதிரணியிடமே கொடுத்துவிடுவார்கள். இதுதான் பன்ட். அழகான விஷயமாக யாரும் இதை நினைப்பதில்லை, ஆனால் இந்தக் கதையில் பன்ட் அடிக்கடி வரும்.

அணி உருவான விதம்

ரேவன்ஸ் அப்போது ஐந்து வயதுகூட ஆகாத அணி. 1984இல் கோல்ட்ஸ் அணி இண்டியானாபொலிஸுக்குக் கிளம்பிப் போனதிலிருந்து பால்டிமோருக்கு என்எஃப்எல் அணி கிடையாது. 1996இல் ஆர்ட் மொடெல் தன் கிளீவ்லாந்து அணியை இங்கே கூட்டிவந்தார். பிரவுன்ஸ் என்ற பெயரும் நிறமும் கிளீவ்லாந்திலேயே தங்கின. ஆட்களும் ஒப்பந்தங்களும் மட்டும் வந்து சேர்ந்தன. கிளீவ்லாந்துக்காரர்கள் மொடெலைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஆள் எடுக்கும் பொறுப்பு ஓசி நியூசமிடம் இருந்தது. டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஏற்பாடு. முதல் டிராஃப்டிலேயே நான்காவது இடத்தில் ஜொனத்தன் ஆக்டன், 26ஆவது இடத்தில் ரே லூயிஸ். இருவரும் பின்னாளில் புகழ் மண்டபத்துக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு பீட்டர் போல்வேர், ஜேமி ஷார்ப்பர். 1998இல் டுவேன் ஸ்டார்க்ஸ், 1999இல் கிறிஸ் மெக்காலிஸ்டர். முதல் நான்கு ஆண்டும் முதல் சுற்றில் தடுப்பாட்டத்துக்கு ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டே போனார். அனுபவம் வெளியிலிருந்து வந்தது. பிட்ஸ்பர்க்கில் பெயர் எடுத்த ராட் வுட்சன் 1998இல் சேர்ந்தார், ஓரத்தில் பந்து பிடிப்பவரை ஒட்டிநிற்கும் கார்னர்பேக்காக இருந்தவர் இங்கே கடைசி வரிசையில் காக்கும் சேஃப்டி ஆனார். 2000 சீசனில் அவருக்கு வயது 35. மார்வின் லூயிஸ் 1996 முதலே டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர். ஆக நாலைந்து வருஷம் ஒரே பயிற்சியாளரின் கீழ் ஒரே மொழி பேசி வளர்ந்த கூட்டம் இது.

இந்த அணியில் லூயிஸ்கள் அதிகம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ரே, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஜமால், உதைத்த பந்தைத் திருப்பி ஓடும் ஜெர்மெய்ன், பயிற்சியாளர் மார்வின். யாரும் யாருக்கும் உறவில்லை.

தடுப்பாட்டத்தின் மையம் இரண்டு பேர்: டோனி சிரகூசா, சாம் ஆடம்ஸ். ஆளுக்குச் சுமார் 150 கிலோ. முன்வரிசையின் நடுவில் இந்த இருவரும் நிற்பார்கள். ஒருவரைத் தடுக்கவே எதிரணிக்கு இரண்டு ஆள் வேண்டும். அப்படியானால் நடுவில் இருக்கும் சென்டரும் இரண்டு கார்டுகளும் இவர்களிடமே மாட்டிக்கொள்வார்கள். பின்னால் நிற்கும் ரே லூயிஸை வந்து இடிக்க யாரும் மிஞ்ச மாட்டார்கள். லூயிஸோ ஒவ்வொரு டவுனும் தொடங்குமுன்பே பந்து எங்கே போகப்போகிறது என்று கணித்துவிடும் ஆள். அவரை இடிக்காமல் விட்டால் ஓட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான் எதிரில் நிற்பார். சிரகூசா தன் பெயரில் பெரிய புள்ளிவிவரம் எதுவும் சேர்க்கவில்லை. அவர் வேலை புள்ளிவிவரத்தில் ஏறாத வேலை.

விளைவு: 16 ஆட்டத்தில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து தரைவழியாக ஓடியது 970 யார்டு. ஓர் ஓட்டத்துக்கு 2.7 யார்டு. அந்த சீசனில் எந்தத் தனி வீரரும் இவர்களுக்கு எதிராக 100 யார்டைத் தொடவில்லை. சின்சினாட்டியின் கோரி டில்லன் அதே அக்டோபரில் டென்வருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 278 யார்டு ஓடி அன்றைய லீக் சாதனையைப் படைத்தவர். அவருடைய அணி நான்கு வாரம் முன்பு பால்டிமோரில் 37-0 என்று தோற்றுப் போயிருந்தது.

ஓட முடியாது என்றானபின் எதிரணி எறிந்துதான் ஆக வேண்டும். எறியப்போகிறார்கள் என்று முன்பே தெரிந்தால் ஓரங்களிலிருந்து போல்வேர், ராப் பர்னெட், மைக்கேல் மெக்ரேரி ஆகியோர் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயலாம். பின்னால் மெக்காலிஸ்டரும் ஸ்டார்க்ஸும் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ள, வுட்சன் தவறுக்காகக் காத்திருப்பார். எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்த இன்டர்செப்ஷன் 23, எதிரணி நழுவவிட்டுக் கைப்பற்றிய ஃபம்பிள் 26. ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று முறை எதிரணியின் பந்தைப் பிடுங்கினார்கள்.

மொத்தம் விட்டுக்கொடுத்தது 165 புள்ளி. 16 ஆட்டங்கள் கொண்ட சீசன்களில் அதுவே மிகக் குறைவு. 1986இல் சிகாகோ பேர்ஸ் வைத்திருந்த 187ஐ உடைத்தது. எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்காத ஆட்டங்கள் நான்கு: பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, கிளீவ்லாந்து, டல்லாஸ்.

எண்களுக்குப் பின்னால்

இதை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போனால் ஆய்வாகாது. முதலில், எதிராளிகள் யார்? கிளீவ்லாந்து அந்த ஆண்டு 3-13 (மூன்று வெற்றி, 13 தோல்வி), சின்சினாட்டி 4-12, டல்லாஸ் 5-11, அரிசோனா 3-13, சான் டியாகோ 1-15. ரேவன்ஸின் 16 ஆட்டத்தில் ஏழு இந்த ஐந்து அணிகளோடு. அந்த ஏழிலும் சேர்த்து விட்டது வெறும் 24 புள்ளி. மீதி ஒன்பது ஆட்டத்தில் 141. அதுவும் நல்ல கணக்குதான், ஆனால் அதை வைத்து எல்லாக் காலத்திலும் சிறந்தது என்று யாரும் பேசமாட்டார்கள்.

இரண்டாவது, வான்வழி. இரண்டாவது வாரம் ஜாக்சன்வில்லின் ஜிம்மி ஸ்மித் தனி ஒருவராக 291 யார்டு பந்து பிடித்தார், மூன்று டச்டவுனோடு. ரேவன்ஸ் அந்த ஆட்டத்தை 39-36 என்று எப்படியோ ஜெயித்தார்கள். கடைசி வாரம் நியூயார்க் ஜெட்ஸின் வின்னி டெஸ்டவர்டி 69 முறை எறிந்து 481 யார்டு எடுத்தார். அன்று காப்பாற்றியது மெக்காலிஸ்டர் பிடித்து 98 யார்டு ஓடிய இன்டர்செப்ஷனும், பன்ட்டைத் திருப்பி ஓடி ஜெர்மெய்ன் லூயிஸ் எடுத்த இரண்டு டச்டவுனும்தான்.

மூன்றாவது, பலருக்கு மறந்துபோனது: அந்த ஆண்டு யார்டு கணக்கில் லீக்கின் முதலிடம் ரேவன்ஸுக்கு இல்லை. அது டென்னஸி டைட்டன்ஸுக்குப் போனது. ரேவன்ஸ் இரண்டாவது. பிரிவுப் பட்டியலிலும் டைட்டன்ஸ் 13-3 என்று மேலே, ரேவன்ஸ் 12-4 என்று கீழே. பிரிவில் முதலிடம் பெறாதவர்களுக்கான வைல்டு கார்டு வழியாகத்தான் பிளேஆஃப் என்ற நாக் அவுட் சுற்றுக்குள் வந்தார்கள்.

பில்லிக் செய்தது

இனி அக்டோபருக்குத் திரும்பலாம். பில்லிக் 1999இல் பால்டிமோருக்கு வந்தபோது அவர் பேரே தாக்குதல் ஆட்டம்தான். 1998 மினசோட்டா வைக்கிங்ஸ் 556 புள்ளி எடுத்து அன்றைய சாதனையைப் படைத்தபோது அதன் அஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் அவர். அப்படிப்பட்டவரின் அணி மாதம் முழுக்க ஒரு டச்டவுனுக்காகத் தவித்தது. வாஷிங்டனிடம் 10-3, டென்னஸியிடம் 14-6, பிட்ஸ்பர்க்கிடம் 9-6 என்று வரிசையாக மூன்று தோல்வி. 9 புள்ளி மட்டும் விட்டும் தோற்பது எப்படி இருக்கும் என்று அந்த டிஃபென்ஸ் ஆட்களைத்தான் கேட்க வேண்டும். மற்ற அணிகளில் இந்நேரம் உடைமாற்றும் அறையில் சண்டை மூண்டிருக்கும். இங்கே வெளியில் தெரியும்படி எதுவும் வெடிக்கவில்லை. அதற்கான பாராட்டில் பாதியைப் பந்து பிடிக்கும் ஷானன் ஷார்ப், வுட்சன் போன்ற மூத்தவர்களுக்குக் கொடுப்பேன்.

பில்லிக் குவார்ட்டர்பேக் டோனி பேங்க்ஸை உட்காரவைத்தார். வந்தவர் ட்ரென்ட் டில்ஃபர். 1994 டிராஃப்டில் ஆறாவதாக டாம்பா பே எடுத்து, ஆறு சீசன் வைத்துப் பார்த்து, போதும் என்று விட்டுவிட்ட ஆள். முதல் ஆட்டம் பிட்ஸ்பர்க்கிடம் தோல்வி. அதன்பின் அவர் தொடங்கிய பதினோரு ஆட்டமும் வெற்றி.

அதை வைத்து டில்ஃபர் வந்து அணியை மாற்றினார் என்று எழுதுவது எளிது. ஆனால் வழக்கமான சீசனில் அவர் கணக்கு 12 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன். சுமார்தான். மாறியது வேலைப் பங்கீடு. 140 ரன் அடித்துவிட்டு மிச்சத்தைப் பௌலர்களிடம் விட்டுவிடும் கிரிக்கெட் அணி மாதிரி, ரேவன்ஸ் அஃபென்ஸ் தன் லட்சியத்தைக் குறைத்துக்கொண்டது. ஜமால் லூயிஸ் இடப்பக்கம் ஓடுவார், பிறகு வலப்பக்கம் ஓடுவார், மூன்றாவதில் ஒரு சின்ன பாஸ். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் கைல் ரிச்சர்ட்சன் வந்து பன்ட் அடிப்பார். பந்து எதிரணியின் மூலையில் போய் நிற்கும். அங்கிருந்து 80, 85 யார்டு அவர்கள் இந்த டிஃபென்ஸுக்கு எதிராக ஊர்ந்து வர வேண்டும். வரமாட்டார்கள். திரும்ப பன்ட் அடிக்கும்போது பந்து நடு மைதானத்துக்கு வந்திருக்கும். இரண்டு முதல் டவுன் எடுத்தால் ஸ்டோவரின் கால் எட்டும் தூரம். அந்த ஆண்டு அவர் 35 ஃபீல்ட் கோல் உதைத்தார். முதல் ஆண்டுக்காரரான ஜமால் 1,364 யார்டு ஓடினார்.

இதில் ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த சீசனில் தோற்ற நான்கு ஆட்டத்திலும் ரேவன்ஸ் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. திருப்பிச் சொன்னால், ஒரு டச்டவுனாவது எடுத்த எந்த ஆட்டத்திலும், பிளேஆஃப் உட்பட, அவர்கள் தோற்கவில்லை. வைக்கிங்ஸில் வாணவேடிக்கை காட்டிய பில்லிக் இதைப் புரிந்துகொண்டு தன் கையைத் தானே கட்டிப்போட்டார். பெரும்பாலான பயிற்சியாளர்களுக்கு அந்த மனசு வராது. தன் பெயர் எதனால் வந்ததோ அதையே அலமாரியில் வைத்துப் பூட்டுவது சும்மா இல்லை.

தோல்விகளின்போது பிளேஆஃப் என்ற சொல்லையே அவர் அணியில் தடைசெய்திருந்தார். அதற்குப் பதிலாக ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வந்த கற்பனைப் பண்டிகையின் பெயரான ஃபெஸ்டிவஸ் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அட்லாண்டா

இந்த சீசனை எழுதும்போது தாண்டிப்போகக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. 2000 ஜனவரி இறுதியில், முந்தைய சூப்பர் போல் முடிந்த இரவு, அட்லாண்டாவில் நடந்த சண்டையில் இரண்டு இளைஞர்கள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். ரே லூயிஸ் மீதும் அவருடன் இருந்த இருவர் மீதும் கொலைவழக்கு. விசாரணையின் நடுவில் லூயிஸ் மீதான கொலைக்குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. நீதிக்கு இடையூறு செய்ததாக ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு, மற்ற இருவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. லீக் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. மற்ற இருவரும் விடுதலையானார்கள். கொலைக்கு இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

ஏழு மாதம் கழித்து ஆடவந்தவர் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். டாம்பாவில் சூப்பர் போல் வாரத்தில் பத்திரிகையாளர்கள் இதைக் கேட்கத்தான் செய்வார்கள். பில்லிக் முந்திக்கொண்டு அவர்களுக்கே பாடம் நடத்தினார். தன் ஆட்டக்காரரைக் காப்பது பயிற்சியாளரின் வேலை என்பது புரிகிறது. ஆனால் இறந்துபோன இருவரின் வீட்டார் இருக்கும்போது, கேள்வி கேட்டவர்களைத் திட்டியது எனக்கு அப்போதும் சரியாகப் படவில்லை, இப்போதும் படவில்லை. சூப்பர் போலில் சிறந்த ஆட்டக்காரர் விருது லூயிஸுக்கு. வழக்கமாக அந்த விருதுக்காரரை வைத்து எடுக்கும் டிஸ்னி விளம்பரம் மட்டும் டில்ஃபருக்குப் போனது.

பிளேஆஃப்

எளிய அணிகளோடு ஆடித்தான் அந்த எண் வந்தது என்ற வாதத்துக்குப் பதில் இங்கேதான் கிடைக்கிறது. முதல் சுற்றில் டென்வர். அந்த ஆண்டு 485 புள்ளி எடுத்து லீக்கில் இரண்டாமிடத்தில் இருந்த அஃபென்ஸ். டிசம்பர் 31 அன்று பால்டிமோரில் அவர்களுக்குக் கிடைத்தது 3 புள்ளி, 177 யார்டு. ரேவன்ஸ் 21. அதில் ஒன்று, ஜமால் கையில் பட்டுத் துள்ளிய பந்து ஷார்ப் கைக்கு வந்து 58 யார்டு ஓடி வந்த டச்டவுன். அதிர்ஷ்டமும் கூடவே வந்தது.

அடுத்தது நாஷ்வில். டைட்டன்ஸ் தங்கள் புதிய மைதானத்தில் அதுவரை ஒரே ஒருமுறைதான் தோற்றிருந்தார்கள், அதுவும் நவம்பரில் இதே ரேவன்ஸிடம், 24-23 என்று. இந்த முறை டைட்டன்ஸ் எல்லாக் கணக்கிலும் மேலே. 23 முதல் டவுன், 317 யார்டு. ரேவன்ஸுக்கு 6 முதல் டவுன், 134 யார்டு. டில்ஃபர் 16இல் 5 பாஸ்தான் சேர்த்தார். ஆட்டம் 10-10 என்று கடைசிக் கால்பகுதிக்குள் போனது. டைட்டன்ஸ் உதைத்த ஃபீல்ட் கோலைக் கீத் வாஷிங்டன் தட்டிவிட, அந்தோணி மிட்செல் அதை எடுத்து 90 யார்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் எடி ஜார்ஜின் கைக்கு வந்த பந்தை ரே லூயிஸ் அப்படியே பிடுங்கிக்கொண்டு 50 யார்டு ஓடினார். 24-10. அஃபென்ஸ் எடுத்தது 10 புள்ளி. இந்த சீசனில் ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் பார்க்க நேரம் இருப்பவர்களுக்கு நான் சூப்பர் போலைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஓக்லாந்தில் அரையிறுதி மாதிரியான ஆட்டம். தரைவழி ஓட்டத்தில் லீக்கின் முதல் அணியான ரெய்டர்ஸ் அன்று ஓடியது 24 யார்டு. மூன்றாவது டவுனில் 18 யார்டு வேண்டும், பந்து தன் எல்லைக்கு நாலு யார்டு தள்ளி; ரேவன்ஸ் எறிந்த சின்ன பாஸை வாங்கி ஷார்ப் 96 யார்டு ஓடிவிட்டார். குவார்ட்டர்பேக் ரிச் கேனன் மேல் சிரகூசா தன் முழு எடையோடு விழுந்து தோளைக் காயப்படுத்தினார். அதற்கு அவருக்கு அபராதம் போட்டார்கள். 16-3.

டாம்பாவில் எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ், மினசோட்டாவை 41-0 என்று நொறுக்கிவிட்டு வந்தவர்கள். 34-7. அவர்களுடைய 16 முயற்சியில் 15 பன்ட்டிலோ இன்டர்செப்ஷனிலோ முடிந்தன. கடைசியானது நேரம் தீர்ந்ததால் நின்றது. கெர்ரி காலின்ஸ் 39இல் 15 பாஸ், நான்கு இன்டர்செப்ஷன். நடுநிலை ரசிகருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 21 பன்ட் என்பது தூக்கம் வரவழைக்கும் ஆட்டம். மூன்றாவது கால்பகுதியில் மட்டும் 36 விநாடி கலகலத்தது: ஸ்டார்க்ஸ் இன்டர்செப்ஷனோடு 49 யார்டு ஓடி டச்டவுன், அடுத்த உதையிலேயே ஜயன்ட்ஸின் ரான் டிக்ஸன் 97 யார்டு, அதற்கடுத்த உதையில் ஜெர்மெய்ன் லூயிஸ் 84 யார்டு. ஜயன்ட்ஸின் ஒரே டச்டவுன் டிக்ஸன் எடுத்ததுதான், அதையும் ரேவன்ஸ் டிஃபென்ஸ் கணக்கில் எழுத முடியாது. நான்கு பிளேஆஃப் ஆட்டத்திலும் சேர்த்து இந்த டிஃபென்ஸுக்கு எதிராக விழுந்த டச்டவுன் ஒன்றே ஒன்று, நாஷ்வில்லில் எடி ஜார்ஜ் எடுத்தது.

அடுத்த ஆண்டு

டில்ஃபர் தன்னைக் கைவிட்ட ஊரில் போய்க் கோப்பை ஜெயித்தார். அதற்குப் பால்டிமோர் கொடுத்த பரிசு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பியது. இந்த டிஃபென்ஸோடு இன்னும் நல்ல குவார்ட்டர்பேக் இருந்தால் யார் தடுப்பார்கள் என்று நினைத்தார்கள்; எல்விஸ் கெர்பாக் வந்தார். காகிதத்தில் சரியான கணக்கு. ஆனால் பயிற்சி முகாமிலேயே ஜமால் லூயிஸின் முழங்கால் போய்விட்டது. தரைவழி இல்லாமல் எறிய வேண்டி வந்தது, கெர்பாக் 15 டச்டவுனும் 18 இன்டர்செப்ஷனும் எறிந்தார். டிஃபென்ஸ் அப்போதும் லீக்கின் சிறந்தவற்றில் ஒன்றுதான். ஆனால் முந்தைய ஆண்டு எதிரணி 85 யார்டு வர வேண்டியிருந்த இடத்தில் இப்போது 40 யார்டு போதும். 10-6 என்று முடித்து, பிளேஆஃபில் பிட்ஸ்பர்க்கிடம் விழுந்தார்கள். கெர்பாக் அத்தோடு ஓய்வு பெற்றார்.

2002இல், ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பு குறுக்கே வந்து நின்றது. சிரகூசா ஓய்வு; ஆடம்ஸ், பர்னெட், வுட்சன், ஷார்ப்பர், ஷார்ப், ஜெர்மெய்ன் எல்லோரும் வெளியே. மார்வின் லூயிஸ் வாஷிங்டனுக்குப் போய், அடுத்த ஆண்டு சின்சினாட்டிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். லைன்பேக்கர்களைப் பார்த்துக்கொண்ட ஜாக் டெல் ரியோவும் முன்வரிசையைப் பார்த்துக்கொண்ட ரெக்ஸ் ரயனும் பின்னால் ஜாக்சன்வில்லிலும் நியூயார்க் ஜெட்ஸிலும் அதே பதவிக்கு வந்தார்கள். ரேவன்ஸ் 2002இல் 7-9. அடுத்த கோப்பைக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆனது. 2013 பிப்ரவரியில் அதைத் தூக்கிய அணியில் 2000 கூட்டத்தில் மிஞ்சியிருந்த ஆட்டக்காரர் ரே லூயிஸ் ஒருவர்தான். அந்த முறை அவர்களை அங்கே கொண்டுபோனது டிஃபென்ஸ் இல்லை, பிளேஆஃபில் 11 டச்டவுன் எறிந்து ஒரு இன்டர்செப்ஷன்கூடக் கொடுக்காத ஜோ ஃபிளாக்கோ என்ற குவார்ட்டர்பேக்.